ஒப்பாரியும் ஆவணமே!

தேயிலைக்கு வரலாறு உண்டு. இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் 1867-ஆம் ஆண்டு அதனைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லருக்கு வரலாறு உண்டு. தேயிலைக்கு முன்னே அம்மலைகளை ஆண்ட கோப்பிச் செடியை அழித்த இலைநோய்க்குக்கூட, அது 1869-இல் தலைகாட்டிற்று என்று ஆண்டு குறித்து எழுதப்பட்ட வரலாறு உண்டு. செடிக்கு உண்டு, செடியைத் தின்ற நோய்க்கு உண்டு, செடியால் செல்வரான சீமானுக்கு உண்டு. காட்டை வெட்டிக் கழனியாக்கிய கைகளுக்கு? கொட்டும் பனியிலே நின்று கொழுந்து கிள்ளிய விரல்களுக்கு?

அந்த மக்கள் நாட்குறிப்பு எழுதவில்லை; எழுத அவர்களுக்கு எவரும் கற்றுத் தரவில்லை. மனு எழுதவில்லை, எழுதினாலும் படிப்பார் இல்லை. அவர்கள் பாடினார்கள். பிள்ளையைத் தொட்டிலிலே இட்டுப் பாடினார்கள். பிணத்தைப் பாயிலே கிடத்திப் பாடினார்கள். நம் புலவர் பெருமக்களோ அந்தப் பாட்டைக் கூலிக்காரி ஒப்பாரி என்று ஒதுக்கி வைத்தனர். பறம்பு மலையையும் தந்தையையும் ஒருங்கே இழந்த பாரி மகளிர் பாடியதைப் பள்ளியிலே பாடமாக்கினோம். அதற்குக் கையறுநிலை என்று துறையும் வகுத்தோம். மலையிலே மகனை இழந்த மாரியம்மாக்களும் மருதாயிகளும் பாடியதற்குத் துறையும் இல்லை, திணையும் இல்லை! மன்னன் மகள் அழுதால் இலக்கியம், மண்வெட்டிக்காரன் மகள் அழுதால் இரைச்சல் என்றால், இது எந்த ஊர் நீதி?

நாம் கூறுகிறோம்: அந்த ஒப்பாரி இலக்கியம் மட்டுமன்று, ஆவணமுங்கூட. ஆவணம் என்பதாலேயே அதனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் கூடாது. பாட்டு வாய்க்கு வாய் மாறும், ஆண்டு சொல்லாது, தொகை சொல்லாது. ஆகவே பாட்டு கூறும் துயரைச் சட்டம், கணக்கு, ஒப்பந்தம் இவற்றுக்கு அருகே வைத்துப் படிக்க வேண்டும். அவ்வாறு படித்தால் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்கும். துயர் என்ன? அதனை விளைத்தவர் யார்? வீடு எங்கே?

வழியிலே மாண்டவர்

1820-களில் தொடங்கி, கண்டிச் சீமையின் மலைகளிலே கோப்பித் தோட்டங்கள் பெருகின. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேதான் பெருந்தொகையான ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களைத் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, தஞ்சை, சேலம் என்று வறண்ட ஊர்களிலும், வளமிருந்தும் உழைப்போர் வயிறு வாடிய ஊர்களிலும் திரட்டினார்கள். நிலமில்லாதவர், கடன்பட்டவர், சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர், இவர்களே பெரும்பாலோர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் மேலும் பல்லாயிரவரை அக்கரைக்கு விரட்டிற்று.

கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியதும் பயணம் முடிந்ததா? அங்கேதான் தொடங்கிற்று. காடு வழியே, தண்ணீரற்ற தடம் வழியே, தம்புள்ளையைக் கடந்து மாத்தளை வரை 100 மைலுக்கு மேல் நடக்க வேண்டும். வாந்திபேதியும் காய்ச்சலும் வழித்துணையாக வந்தன. விழுந்தவரைத் தூக்கிச் செல்ல ஆளில்லை, காத்திருக்கப் பொழுதில்லை. கூட்டம் நடந்தது, விழுந்தவன் கிடந்தான். எத்தனை பேர் கிடந்தனர் என்பதற்கு அந்நாளைய ஏடுகளிலே முழுக் கணக்கு இல்லை.

பாட்டு இங்கேதான் சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. மலையகத்து நாட்டார் பாடல்களிலே மலையை வருணிக்கும் முறை ஒன்றுண்டு. கவிராயர்கள் மலையைப் பாடினால் அருவி கொட்டும், மயில் ஆடும், முகில் தவழும். இந்தப் பாட்டிலோ, இது கோப்பிக் கன்று நட்ட மலை, இது உடன்பிறந்தானைப் பறிகொடுத்த மலை என்று பெண்ணொருத்தி சுட்டிக் காட்டுகிறாள். அவளுக்கு மலை காட்சியன்று, கல்லறை. பெயரும் ஆண்டும் அவள் கூறவில்லை. இடத்தைக் கூறுகிறாள், உறவைக் கூறுகிறாள். கணக்கேடு விட்ட இடத்தை அவள் நிரப்புகிறாள்.

அதே நாளில் அச்சேறிய பாட்டும் ஒன்று உண்டு. 1869-இல் ஆபிரகாம் ஜோசப் என்பார் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்று ஒரு நூல் வெளியிட்டார். கோப்பிப் பயிர்த்தொழிலைக் கும்மி மெட்டிலே கூறும் நூல் அது. மலையகத் தமிழில் அச்சான நூல்களின் வரிசையில் முன்னே நிற்பது என்ற மதிப்பு அதற்கு உண்டு. ஆனால் பாருங்கள், பயிருக்குப் பாட்டு 1869-இலேயே அச்சேறிவிட்டது. பயிரிட்டவனின் பாட்டு அச்சேற இன்னும் பல பத்தாண்டுகள் காத்துக் கிடந்தது!

லயத்துக்குள் எழுந்த குரல்

கோப்பி மடிந்து தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவம் உண்டு, பருவம் முடிந்தால் ஊர் திரும்பலாம். தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுதும் கொழுந்து துளிர்க்கும், ஆண்டு முழுதும் கை வேண்டும். அதிலும் பெண்ணின் விரல் வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாகக் கொண்டு வந்தனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, அதற்கு முன்னே சிறு திண்ணை, இப்படி வரிசையாக அடுக்கிய கொட்டடிக்கு லயம் என்று பெயர். மாமியாரும் மருமகளும், மணமானவரும் மணமாகாதவரும், பிறப்பும் இறப்பும், எல்லாம் அந்த ஓர் அறைக்குள்ளே!

விடியுமுன் தப்புச் சத்தம் எழுப்பும். பெரட்டுக் களத்திலே போய் நிற்க வேண்டும். பிந்தினால் வேலையில்லை. பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கூடையை முதுகிலே மாட்டி மலையேற வேண்டும். மாலையிலே கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. அதாவது, நாள் முழுதும் நின்றவளுக்குப் பாதிக் கூலி. மனிதருக்கு அரைப்பேர் போட்ட நாடு உலகிலே வேறெங்கேனும் உண்டோ! அவள் முழுப்பேர் பெற்றது பாட்டிலேதான். தாலாட்டிலே அவள் தாய். ஒப்பாரியிலே அவள் தங்கை. தெம்மாங்கிலே அவள் காதலி.

ஒப்பாரியின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொள்வர். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர் கூடி இசைப்பர். இறந்தவரின் பெருமையைக் கூறுவது போலவே, இருப்பவரின் கொடுமையையும் கூறலாம். மாமியார் கொடுமை, அண்ணன் கைவிட்டது, கணவன் குடித்தது, இவற்றையெல்லாம் நாவடக்கி வாழ்ந்த பெண் நாலு பேர் நடுவே துணிந்து கூறுவதற்குச் சமுதாயம் விட்டு வைத்த ஒரே மேடை பிணத்தின் அருகேதான்! தோட்டத்திலே அந்த மேடையில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டனர்.

மாசி மாதத்திலே தோட்டந்தோறும் காமன் கூத்து நடைபெறும். காமனை நெற்றிக்கண்ணால் எரித்தான் என்ற கதை அறிவுக்கு ஏற்றதன்று. அதனை நாம் ஒப்பவும் இல்லை. ஆனால் அந்தக் கூத்திலே மக்களைக் கட்டி நிறுத்தும் இடம் எது? கணவனை இழந்த ரதியின் புலம்பல். வழியிலே கணவனை இழந்தவளும், காய்ச்சலுக்குப் பிள்ளையைக் கொடுத்தவளும் அந்தப் புலம்பலிலே தங்கள் குரலைக் கேட்டார்கள். கதை புராணத்தினுடையது, கண்ணீர் அவர்களுடையது. கதையைத் தள்ளும் கையால் கண்ணீரையும் தள்ளிவிடுவது பகுத்தறிவு ஆகாது.

விதியா, விதித்தவரா?

இந்தப் பாடல்கள் பலவற்றிலே தலையெழுத்து வருகிறது. என் தலைவிதி இப்படியா என்று ஏங்கும் குரல் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. இதைக் கண்டு, ஏமாளி மக்கள் என்று எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அதே பாட்டுகளிலே வேறொன்றும் இருக்கிறது. விதியின் மீது பழி போட்ட அதே வாய், அடுத்த அடியிலேயே கங்காணியின் பெயரையும் சொல்கிறது. கங்காணி யார்? ஊரிலே முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தவன். வேலைக்கு வரும் ஆளுக்கு இவ்வளவு என்று நாள்தோறும் காசு பெற்றவன். கடனை ஏட்டிலே வளர்த்தவன். அவன் நம்மவன்! பெரும்பாலும் மேற்சாதிக்காரன். ஊரிலே இருந்த மேடு பள்ளத்தைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்த் தோட்டத்திலே இறக்கி, சாதிக்கொரு லயம் என்று பிரித்து வைத்தவன். வெள்ளைத் துரையின் கொடுமையை மட்டும் கூறி, நம்மவர் கொடுமையை மறைத்தால் அது வரலாறு ஆகாது.

'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளி வேறு தோட்டம் போக வேண்டுமானால், அவன் பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு வேண்டும். அந்தக் கடனைப் புதிய தோட்டம் கொடுத்தால்தான் விடுதலை. ஆளோடு கடன் மாறியதா, கடனோடு ஆள் மாறினானா? கால்நடைச் சந்தையிலே கழுத்துக் கயிறு கை மாறுவது போலச் சீட்டு கை மாறிற்று. இந்த முறை 1921-இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஒரு சட்டத்தால் ஒழிந்தது என்றால், அது எப்படித் தலையெழுத்தாகும்? பிரமன் எழுதியதை அரசாங்க ஆணை அழித்துவிட்டதா? மனிதன் கட்டிய முடிச்சு, மனிதன் அவிழ்த்தான். வரலாறு படிப்பதன் பயன் இதுதான். பாடியவள் விதியென்று நினைத்ததை, விதித்தவர் இன்னாரென்று நாம் காட்ட முடிகிறது.

அதனை அந்த மக்களிடமே காட்டியவர்களும் தோன்றினர். தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர் ஏடு நடத்தினார், 1931-இல் தோட்டத் தொழிலாளர்க்குச் சங்கம் கண்டார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள், மக்கள் அறிந்த மெட்டுகளிலே பாட்டெழுதி, கூட்டங்களிலே தாமே பாடினார். 1940-இல் அவர் பாடல்கள் சிறு நூலாகவும் வெளிவந்தன. இது சிறிய மாறுதல் அன்று. பிணத்தின் முன்னே மட்டும் பேச விடப்பட்ட பெண்குரல், மேடைமீது ஏறிற்று. போனவனைப் பாடிய குரல், இருப்பவன் பெற வேண்டிய உரிமையைப் பாடிற்று. அதே 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி காவலர் குண்டுக்கு இரையானார். துயர் தொடர்ந்தது, ஆனால் இம்முறை அதனை விதியென்று கூறி எவரும் வீட்டுக்குப் போய்விடவில்லை.

சான்று கேட்ட சட்டம்

1947 தேர்தலில் மலைநாட்டு மக்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றனர். அவருள் ஒருவர், தலவாக்கொல்லைத் தொகுதியில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத்திலே பிறந்தவர், கவிஞர்.

மறு ஆண்டே நாடு விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற நாடு இயற்றிய முதற் சட்டங்களுள் ஒன்று 1948-இன் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம். அது என்ன கேட்டது? உன் தந்தை இந்நாட்டிலே பிறந்தாரா, அன்றேல் உன் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தனரா? காட்டு, சான்று! லயத்துக்குள்ளே பிறந்து தேயிலைக்கு அடியிலே புதைந்தவனுக்குச் சான்று எது? அவன் பேத்தியிடம் இருந்தது ஒரு பாட்டு, இன்ன மலையிலே என் பாட்டன் மாண்டான் என்று கூறும் பாட்டு. எந்த அதிகாரி அதனைச் சான்றாக ஏற்பான்?

அடுத்து 1949-இல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர்க்கென ஒரு சட்டம் வந்தது. 8,00,000-க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஏறத்தாழ 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர். அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம், குடியுரிமை இல்லாதார்க்கு வாக்கும் இல்லை என்றது. ஏழு பேரை அனுப்பிய மக்கள், 1952-இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை.

வேலுப்பிள்ளை அந்த ஆண்டுகளிலே ஆங்கிலத்தில் நெடுங்கவிதை ஒன்று எழுதினார். சக்தி பால ஐயா அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். நினைவுக் கல்லும் இன்றித் தேயிலைக்கு அடியிலே உறங்கும் முன்னோரை அந்தக் கவிதை உலகத்தின் முன் எழுப்பி நிறுத்திற்று. அவரே தோட்டந்தோறும் பாடல்களைத் தேடித் திரட்டவும் செய்தார். சட்டம் சான்று கேட்டது. கவிஞர் சான்று திரட்டினார்! அவர் எழுதிய நாவல் ஒன்றின் பெயர் 'வீடற்றவன்'. அந்தப் பெயர் ஒரு சமுதாயத்தின் பெயர்.

அழுகைக் கோச்சி

1964 அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்பது. 1974-இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பங்கிட்டனர். கணக்கு நேர்த்தியானது. ஆனால் அந்த எண்களுக்குள் இருந்த மக்களை அழைத்து, நீங்கள் எங்கே வாழ விரும்புகிறீர் என்று எவரும் கேட்கவில்லை. மூட்டை பிரித்தனர் இரு நாட்டார். மூட்டைக்கு வாயில்லை என்று எண்ணினர்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரு திங்கள் முடியுமுன், 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. பாட்டனும் பாட்டியும் கப்பலேறிய துறை கடலுக்குள் போயிற்று. பேரப்பிள்ளைகள் இறங்கியது இராமேசுவரத்தில்.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற தொடர்வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. எந்த அரசாங்கக் கால அட்டவணையிலும் அந்தப் பெயர் இல்லை. ஆனால் அதைவிடப் பொருத்தமான பெயர் எவர் சூட்ட முடியும்! அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. தாய்க்கு ஒரு கடவுச்சீட்டு, மகளுக்கு ஒன்றுமில்லை. வண்டி நகரும், மேடையிலே நிற்பவரும் வண்டியிலே இருப்பவரும் ஒரே ஒப்பாரியை இரு பக்கமிருந்து பாடுவர். பிணமில்லாத ஒப்பாரி! உயிரோடு இருப்பவரை உயிரோடு இருப்பவர் பாடி அனுப்பிய ஒப்பாரி! வழிவழி வந்த வடிவம், வரலாறு கண்டிராத துயருக்குக் கை கொடுத்தது.

வந்த இடம் வீடாயிற்றா? அங்கே இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே சிலோன்காரன் என்றார்கள். நீலகிரியிலே, 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் பலருக்கு வேலை கிடைத்தது. மீண்டும் மலை, மீண்டும் குளிர், மீண்டும் கூடை! சமவெளியிலே தொழில் தொடங்கக் கடன் பெற்றவருள் பலர் அந்தத் தொழில் அறியாது இடர்ப்பட்டனர். அக்கரையில் தங்கியவர்க்கோ, 1977-லும் 1983-லும் நடந்த வன்முறையிலே லயங்கள் எரிந்தன. வடக்கே வவுனியாப் பக்கம் ஓடிப் புதுக்குடி அமைத்தவர் பலர். ஓடிய இடத்திலும் போர் அவர்களை விடவில்லை.

ஆற்றுவது எது?

துயரைப் பாட்டு ஆற்றும் என்பர். உண்மைதான், ஓரளவுக்கு. தோளைப் பற்றிக்கொண்டு கூடி அழும்போது தனித்துயர் பொதுத்துயராகிறது. எனக்கு மட்டுமா என்ற ஏக்கம், நம் அனைவர்க்குமா என்ற கேள்வியாகிறது. அதற்குமேல் பாட்டால் ஆகாது. புண்ணுக்குப் பாட்டு மயிலிறகாகலாம், மருந்தாகாது. மருந்து உரிமை. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் எண் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வழியினர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கிற்று. எந்த நாளில் அவர்களைப் பங்கிட்டார்களோ, அந்த நாளையே எல்லையாக வைத்து உரிமை தரப்பட்டது. 1948-இல் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க 55 ஆண்டுகள்!

2023 சூலை, ஆகஸ்டு திங்களில் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தனர். 200 ஆண்டுகளுக்கு முன் முன்னோர் நடந்த அதே வழி. அன்று விழுந்தவனை விட்டுவிட்டு நடந்தது கூட்டம். இன்று விழுந்தவனை நினைத்து நடந்தது. தம்மை மலையகத் தமிழர் என்று அழைத்தனர். கவனியுங்கள், பெயரிலேயே விடை இருக்கிறது. வீடு எங்கே என்ற கேள்விக்கு, பாட்டன் புறப்பட்ட ஊர் என்று கூறவில்லை. பாட்டன் புதைந்த மலை என்று கூறினர். அண்ணனைப் பறிகொடுத்த மலையென்று அன்று பாடியவள் எந்த மலையைச் சுட்டினாளோ, அதே மலையை அவள் வழிவந்தோர் எங்கள் நாடு என்று சுட்டுகின்றனர். ஒப்பாரி ஆவணமே என்று நாம் கூறியதன் பொருள் இதுவே. துயர்ப்பாட்டாகத் தொடங்கியது உரிமைப் பத்திரமாக முடிந்தது.

முற்றும் முடிந்துவிடவில்லை. இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. குடியுரிமை உண்டு, குடியிருக்கும் நிலத்துக்குப் பத்திரம் இல்லை என்பது பெரும்பாலோர் நிலை. நீலகிரியிலும் அப்படியே உழைத்து ஓய்ந்த குடும்பங்கள், ஓய்வு பெற்றபின் எங்கே போவது என்று கேட்கின்றன. நாடு கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை.

தோழர்களே! கூடலூரிலும் கோத்தகிரியிலும், உங்கள் ஊர்ப் புறத்திலும்கூட, அழுகைக் கோச்சியிலே வந்த மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் செல்லுங்கள். பாட்டைக் கேளுங்கள், கேட்டதை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பாடியவர் எந்தத் தோட்டம், எந்த ஆண்டு வந்தவர், யாரிடம் கற்றார் என்பதைப் பக்கத்திலே குறியுங்கள். தலைவிதி என்று அவர் பாடினால், இடைமறித்து அறிவுரை கூற வேண்டா. பாட்டு முடிந்தபின் அவரோடு அமர்ந்து 1948-ஐயும் 1964-ஐயும் எடுத்துக் கூறுங்கள். கையெழுத்திட்ட கைகளை அவர் அறியட்டும். அவர் இழந்த உறவுகளின் பெயரை நாம் அறிவோம்.

அந்த இரண்டும் ஒரே ஏட்டில் எழுதப்படும் நாளில்தான் தேயிலையின் வரலாறு முழுமை பெறும்.